என் போல்ட்டில் கை வைத்தவன்

வண்டி வர்றதுக்கு முன்னாடியே சத்தம் வந்துருச்சுங்க. அந்த வேகத்தடையில ஏறி இறங்குனீங்க பாருங்க, கடக்குன்னு ஒண்ணு, அதுக்குப் பொறகு கடகடன்னு. நான் இங்க டீ குடிச்சுட்டு இருந்தேன். லோயர் ஆர்ம் போச்சுன்னு அப்பவே சொன்னேன். யார்கிட்டச் சொன்னேன்னு கேக்காதீங்க. இங்க வேற யாரு இருக்கறா, என்கிட்டயேதான் சொன்னேன்.

இந்த டார்ச்சைப் பிடிங்க. அப்படி இல்லீங்க, சாச்சு. என் மூஞ்சிக்கு அடிச்சா நான் என்னத்தைப் பாக்கறது? ஆங். இப்பப் பாருங்க. சக்கரத்தை வண்டியோட சேத்துப் பிடிச்சு வெச்சிருக்கற கை இதுதான். இந்தக் கை உள்பக்கம் சேர்ற எடத்துல ரப்பர் இருக்குது, புஷ்ஷுன்னு சொல்லுவோம். கம்பியை விட்டு நெம்புறேன், எப்படி ஆடுதுன்னு பாருங்க. விழப்போற பல்லு மாதிரி. இதை வெச்சுக்கிட்டுத் தினமும் கோயமுத்தூர் போயிட்டு வந்தீங்களா? பெரிய தைரியசாலிதான் நீங்க.

வண்டியை யாரு விக்கச் சொன்னது? மச்சானா? அவரு என்ன வண்டி வெச்சிருக்காரு? அதானே. பெருசா ஒண்ணை வாங்கி, பெட்ரோல் பங்குக்காரனுக்கே சம்பாதிச்சுப் போடறவங்க எல்லாம் இப்படித்தான் பேசுவாங்க. உங்க இஞ்சின் எப்படி இருக்குது? தையல் மிஷின் மாதிரி ஓடுது. லிட்டருக்கு இருபதுக்குக் கொறையாமக் குடுக்குது. அடியில ரப்பர் தேஞ்சதுக்காக யாராவது வண்டியை விப்பாங்களா? உங்க மச்சானுக்கு மூட்டு தேஞ்சா அவரை வித்துருவாங்களா? கோவிச்சுக்காதீங்க. எனக்கு இப்படித்தான் பேச வரும்.

ஒண்ணு கவனிச்சுக்கங்க. இந்த ஆர்ம் போல்ட்டை இப்ப முழுசா முறுக்க மாட்டேன். வண்டி ஜாக்கில தொங்கறப்ப முறுக்குனா, ரப்பர் அந்த நெலையிலயே பிடிச்சுக்கும். தரையில இறக்குனதும் முறுக்கிக்கிட்டுக் கெடக்கும். அடுத்த மழைக்குள்ள கிழிஞ்சுரும். அதனால இப்பப் பேருக்குப் பூட்டி விட்டுட்டு, வண்டி தன்ற கால்ல நின்ன பொறகுதான் கடைசி முறுக்கு. இது எத்தனை பேருக்குத் தெரியும்? ரோட்டோரம் கடை போட்டவனெல்லாம் தொங்கறப்பவே முறுக்கித் தள்ளி விட்டுருவான். நான் அப்படி இல்லீங்க.

என்ன கேட்டீங்க? அலைன்மென்டா? ஆமா, பாத்துத்தான் ஆகோணும். ஆர்ம் மாத்துனா சக்கரம் நிக்கற நேர் மாறிப் போகும். டயரை ஒரு பக்கமாத் தின்னுரும். ஆனா பக்கத்துக் கடையில வேண்டாம்.

வேண்டாம்னா வேண்டாம். போர்டு பெருசாத்தான் வெச்சிருக்கான். போர்டைப் பாத்துட்டுப் போறவங்க போகட்டும். நீங்க அன்னூர் ரோட்டுல போங்க, நான் ஒரு கடை சொல்றேன்.

சரி, கேட்டுட்டீங்க. வேலை முடியவும் நேரமாகும். அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக் குடுங்க, உங்க காலடியில கெடக்குது. இப்பக் கைதவறி விழுந்துச்சே, அதுதான்.

அந்த நீலத் தகரத்துக்கு அக்கட்டால இருக்கறவன் என்ற தம்பிங்க. கூடப் பொறந்தவன். மருதாசலம்னு பேரு. என்ற பேரு வெள்ளியங்கிரி. எங்கப்பாரு ரெண்டு மலையைப் பாத்து ரெண்டு பேரை வெச்சாரு. மலைங்க ரெண்டும் அதது எடத்துல பேசாம இருக்குது.

இந்த எடம் மொத்தமும் ஒரே கடையா இருந்ததுங்க. நான் கீழ் வேலை, ஷாக் அப்சார்பர், ஆர்ம், ஸ்டீரிங். அவன் டயரு, அலைன்மென்ட். நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு. அப்பறம் ஒரு டாக்டரு எனக்குச் சர்க்கரைன்னு எழுதிக் குடுத்தாரு. அவருக்கு யாரைப் பாத்தாலும் சர்க்கரைதான். விரலெல்லாம் மதமதன்னு இருக்குதான்னு கேட்டாரு. மீசை மொளைக்கறதுக்கு முன்னாடி இருந்து ஸ்பேனர் பிடிக்கற கைங்க, மதமதன்னு இல்லாம மல்லிகைப்பூ மாதிரியா இருக்கும்? காப்புக் காச்சிருக்குதுன்னு சொன்னேன். அவரு எழுதறதை எழுதிட்டாரு.

அதைப் பிடிச்சுக்கிட்டான் இவன். ஒரு நாள் சாப்பிட்டுட்டு உக்காந்திருக்கறப்ப மெதுவா ஆரம்பிக்கறான். "அண்ணா, நீ சேர்ல உக்காந்து சத்தத்தை மட்டும் கேட்டுச் சொல்லு. உன்ற காது இந்த ரோட்டுல ஒருத்தனுக்கும் இல்லை. கடைசி முறுக்கு நான் வெச்சுக்கறேன்."

கேட்டீங்களா? கடைசி முறுக்கு அவன் வெச்சுக்குவானாம். காது வேணுமாம், கை வேண்டாமாம். ஒரு மனுசனைக் கடையை விட்டுக் கீழ எறக்கறதுக்கு இதைவிட மரியாதையா யாராலயும் சொல்ல முடியாதுங்க. மறுநாள் தகரம் வாங்கிட்டு வந்தேன். நடுவுல அடிச்சேன். நானே அடிச்சேன், ஆள் வெக்கலை. கட்டைவிரல்ல சுத்தி பட்டு நகமே கறுத்து விழுந்துச்சு. வலி கூடத் தெரியலை. அந்தளவுக்குக் கோவம்.

சரிங்க, தகரம் அடிச்ச பொறகும் ஒண்ணும் குடி முழுகிப் போகலை. அவன் சோலியை அவன் பாத்தான், என்ற சோலியை நான் பாத்தேன். பேச்சு மட்டும் இல்லை. அந்த டீச்சரம்மா வந்துச்சு பாருங்க, அதுலதான் எல்லாமே.

நளாயினின்னு பேரு. கோயமுத்தூர் கணபதியில வீடு. புளியம்பட்டிக்கு அக்கட்டால ஒரு பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சரு. தினமும் இந்த ரோட்டுலதான் போகும் வரும். உங்களுது மாதிரியே சின்ன வண்டி, இன்னும் பழசு. ஆடிக் காத்து அடிச்சுட்டு இருந்த சமயம். முன்னாடி டொக்கு டொக்குன்னு சத்தம்னு வந்துச்சு. பாத்தேன். ஷாக் அப்சார்பர் ரெண்டும் எண்ணெய் ஒழுகிக் கெடந்துச்சு. மாத்தி விட்டேன். கும்பிட்டுட்டுப் போச்சு.

அடுத்த வாரமே திரும்பி வந்து நிக்குது.

"ஏனுங்ணா, சத்தம் போகலையே."

"ஷாக் அப்சார்பர் புதுசு. புதுசுல சத்தம் வராது."

"வருதுங்ணா."

"நீங்க வேகத்தடையில பறக்கறீங்க."

"ரெண்டாவது கியர்லதானுங்ணா ஏர்றேன்."

"அப்பக் காது சரியில்லை."

சிரிச்சுச்சுங்க அந்தம்மா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பள்ளிக்கூடத்துப் பசங்களைப் பாத்துச் சிரிக்கற சிரிப்பை என்கிட்டச் சிரிக்குது. "நீங்களே வந்து கேளுங்ணா"ன்னு என்னைப் பக்கத்துல உக்கார வெச்சுட்டுக் குரும்பபாளையம் வரைக்கும் அதுவே ஓட்டுச்சு. சத்தம் வந்துச்சு. வந்துச்சுதான், நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது ஷாக் அப்சார்பர் சத்தம் இல்லீங்க, ஆர்ம் சத்தம். அது வேற, இது வேற. முதல்ல நான் கம்பியை விட்டு நெம்பிப் பாத்தப்ப ஆர்ம் நல்லாத்தான் இருந்துச்சு. கைக்கு ஆட்டமே தெரியலை. அதுக்குள்ள கிழிஞ்சிருக்குது. ரப்பர்தானுங்களே, ஒரு வாரம் போதும்.

அதுக்கு ஆர்ம் உடனே கெடைக்கலை. பழைய வண்டின்னா ஸ்பேர் கடைக்காரன் நம்மளைப் பிச்சைக்காரன் மாதிரி பாப்பான். இன்னிக்கு வா, நாளைக்கு வான்னு இழுத்தான். அந்தம்மா அதே சத்தத்தோட தினமும் இங்க போகும் வரும். காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. என்ற கடை வாசல்ல வர்றப்ப வேகத்தைக் கொறைச்சு, கண்ணாடியை இறக்கி, "ஆர்ம் வந்துருச்சுங்களாண்ணா?"ன்னு கேக்கும். ஊருக்கே கேக்கற மாதிரி. எனக்கு மானம் போச்சுங்க. அந்தச் சத்தம் என்ற பேரைச் சொல்லிக்கிட்டே போற மாதிரி இருக்கும்.

டார்ச்சு! டார்ச்சு எங்க போகுது? கதையைக் காதுல கேளுங்க, கையை இங்க காட்டுங்க.

தீவாளிக்கு முன்னாடி ஆர்ம் வந்துச்சு. மழை பிடிச்சிருந்த நேரம். வண்டியை ஜாக்கில தூக்குனேன். பழசைக் கழட்டி, ரெண்டு பக்கமும் புதுசைப் பூட்டி, சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில இறக்குனேன். டீச்சரம்மா அந்தச் சேர்ல உக்காந்து பரீட்சைப் பேப்பர் திருத்திட்டு இருந்துச்சு. கடைசி முறுக்கு வெக்கறதுக்கு ஸ்பேனரைக் கையில எடுத்தேன். எடுத்தேனுங்க. எடுக்கலைன்னு ஒருத்தனும் சொல்ல முடியாது.

அப்பத்தான் தகரத்துக்கு அக்கட்டால இவன் குரல். எந்தக் கிராக்கிகிட்டயோ பேசிட்டு இருக்கறான். "முன்னாடி சத்தம்னா எங்கண்ணன்கிட்டக் காட்டுங்க. அவரு கை வெச்சா அப்படியே நின்னுரும்."

நின்னுருமாம்! நான் கை வெச்சா வண்டி நின்னுருமாம்! கேலியைப் பாத்தீங்களா?

போட்டேன் தகரத்துல ஒரு உதை. "டேய், யாரு கை வெச்சா எது நிக்கும்? வெளிய வாடா"ன்னேன். வந்தான். கையில கிரீஸு, மூஞ்சியில ஒண்ணும் தெரியாத அப்பாவி மாதிரி ஒரு பார்வை. "ண்ணா, நான் சத்தத்தைச் சொன்னேன். சத்தம் நின்னுரும்னு சொன்னேன்"ங்கறான். "எனக்கென்ன காதில்லையாடா? நீதானே எனக்குக் காது மட்டுந்தான் இருக்குதுன்னு சொன்னவன்?"ன்னு கேட்டேன். நல்லாக் கேட்டேன். ரோட்டுல போற பைக்கெல்லாம் நின்னுருச்சு. அவன் பேசவே இல்லைங்க. தலையைக் குனிஞ்சுட்டு நின்னான். ஊரு முன்னாடி அவன் நல்லவன் ஆயிட்டான், நான் கத்தறவன் ஆயிட்டேன். அதான் அவன் தந்திரம். பேசாம நிக்கறவனை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

அப்பறம் நான் உள்ள வந்தேன். கையைக் கழுவுனேன். டீச்சரம்மாகிட்டச் சாவியைக் குடுத்தேன்.

அலைன்மென்டுக்கு அன்னூர் ரோட்டுக் கடையைத்தான் அந்தம்மாவுக்கும் சொன்னேன். "சரிங்ணா"ன்னு தலையாட்டுச்சு. வண்டி வெளிய போச்சு. போய், நேரா அவன் கடைக்குள்ள பூந்துச்சு. மழை வருதாம். இருட்டறதுக்குள்ள வீடு போகோணுமாம். நான் இங்க இருந்து பாத்துட்டே நிக்கறேன். என்ற கண்ணு முன்னாடி.

தீவாளி கழிஞ்சு வந்துச்சு. ஒரு டப்பாவுல முறுக்கு. மூஞ்சியெல்லாம் சிரிப்பு.

"வண்டி அருமையா இருக்குதுங்ணா. மறுநாளே லீவு விட்டாங்களா, அம்மாவையும் பாப்பாவையும் கூட்டிட்டுப் பண்ணாரி போனோம். பாப்பா மலையைப் பாக்கோணும்னா. அப்படியே திம்பம் ஏறி இறங்குனோம். அத்தனை வளைவுலயும் ஒரு சத்தம் இல்லைங்ணா."

எனக்கு நெஞ்சு குளுந்து போச்சு. திம்பம் ஏறி இறங்குச்சுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமில்ல? ஒவ்வொரு வளைவுலயும் மொத்தப் பாரமும் முன்சக்கரத்துல ஒரே பக்கம் சாயும். ஆர்ம்ல ஏதாவது கொஞ்சம் கோளாறு இருந்தா சக்கரம் மடங்கி, வண்டி நேரா அந்தரத்துல போயிரும். ஒரு சத்தம் இல்லையாம்! அது யாரு வேலை? என்ற வேலை. அந்தம்மா வாயாலயே சொல்லுச்சு. முறுக்கை ஒண்ணு எடுத்துக் கடிச்சேன்.

அப்பறம் சொல்லுதுங்க. "உங்க தம்பியும் தங்கமானவருங்ணா. மிஷினை மாட்டறதுக்கு முன்னாடி அடியில பூந்து பாத்துட்டு, ஆர்ம் போல்ட்டை எல்லாம் ஒருக்கா முறுக்கி விட்டாரு. என்னங்க லூசா இருக்குதான்னு கேட்டேன். இல்லைங்க, அண்ணன் வேணும்னுதான் விட்டிருப்பாரு, தரையில நின்ன பொறகு முறுக்கறதுதான் முறைன்னு சொன்னாரு."

வாயில இருந்த முறுக்கு அப்படியே நின்னுருச்சுங்க.

என் போல்ட்ல கை வெச்சிருக்கான். புரியுதுங்களா உங்களுக்கு? நான் செஞ்சு, நான் சாவி குடுத்து அனுப்புன வண்டி. அதோட அடியில பூந்து, என் போல்ட்ல ஸ்பேனரை வெச்சிருக்கான். ஒரு எலை போட்டு நான் பரிமாறி வெச்ச சோத்துல இன்னொருத்தன் வந்து உப்புப் போட்டா விடுவீங்களா? அதையும் என்னமோ எனக்கு நல்லது பண்ற மாதிரி, அண்ணன் வேணும்னுதான் விட்டிருப்பாருன்னு. இவன் யாரு எனக்கு வக்காலத்து வாங்க?

டப்பாவைத் திருப்பிக் குடுத்தேன். "கொண்டு போய் அவன்கிட்டக் குடுங்க"ன்னேன். அந்தம்மாவுக்கு மூஞ்சி செத்துப் போச்சு. அதைப் பாக்கறதுக்கு எனக்கு நேரமில்லை. ஸ்பேனரை எடுத்துட்டு நேராப் போனேன். தகரம் அடிச்ச பொறகு அன்னிக்குத்தான் அக்கட்டால கால் வெச்சேன்.

அலைன்மென்டுப் பள்ளத்துக்குள்ள நின்னுட்டு இருந்தான். அவன் தலை என்ற முழங்கால் உசரத்துல இருந்துச்சு.

"மேல வாடா."

"என்னண்ணா?"

"என் போல்ட்ல கை வெச்சியா?"

"வெச்சேன்."

"யாரைக் கேட்டு வெச்சே?"

"கேக்கற நெலைமையில இல்லைண்ணா. ரெண்டு விரல்ல சுத்துச்சு."

"பொய் சொல்றே."

"எல்லா நட்டும்ணா. ரெண்டு பக்கமும்."

"நான் வெச்ச முறுக்கு விரல்ல வராதுடா. கம்பி போட்டு நெம்புனாலும் வராது."

"நீ வெக்கவே இல்லைண்ணா. அன்னிக்கு என்னைத் திட்டிட்டுப் போனே. மறந்துட்டே."

மறந்துட்டேனாம்! நான்! "அப்படியே இருந்தாலும் என்கிட்ட வந்து சொல்றதுக்கென்னடா"ன்னு கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்பே?"ன்னான்.

அதுக்கு நான் ஏன் பதில் சொல்லோணும்? நீங்களே சொல்லுங்க.

பள்ளத்துல இருந்து ஏறி மேல வந்தான். துணியில கையைத் தொடைச்சுட்டு, என்ற வலது கையைப் பிடிச்சான். "கண்ணை மூடுண்ணா"ன்னான்.

"எதுக்குடா?"

"ஒரே ஒரு தடவை. எனக்காக."

மூடுனேன். நமக்கென்ன பயம்?

"விரல் மேல என்ன வெச்சிருக்கேன், சொல்லு."

அவன் எதுவும் வெக்கலைங்க. வெறுங்கை. "ஒண்ணும் இல்லை"ன்னேன்.

"இப்ப?"

"ஒண்ணும் இல்லைடா."

"நல்லாப் பாத்துச் சொல்லுண்ணா. இப்ப?"

"என்னடா வெளையாட்டு இது"ன்னு கத்திட்டுக் கண்ணைத் தொறந்தேன். பாத்தா, ஆள்காட்டி விரல் நுனியில ஒரு சின்ன நட்டு. நடுவிரல்ல ஒரு வாஷரு. பக்கத்து விரல்ல ஒரு ஸ்க்ரூ. வரிசையா வெச்சிருக்கான், கடையில பரப்பி வெச்ச மாதிரி.

எப்படிங்க வந்துச்சு? நான் கண்ணைத் தொறக்கற நேரம் பாத்து வெச்சிருக்கான். வேற எப்படி வரும்? திருட்டுக் கை அவனுக்கு. சீட்டு ஆடறப்பவும் அப்படித்தான். ஏமாத்தறதையும் ஏமாத்திட்டு, என்ற கையைப் பிடிச்சுட்டே அழறான். கண்ணுல தண்ணி பொலபொலன்னு ஊத்துது. எவ்வளவு நடிப்பு பாருங்க. அவன்கிட்ட வேலை செய்யறவங்க எல்லாம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க.

அந்த நட்டை எடுத்து வீசுனேன். நெத்தியில பட்டுச்சு. ரத்தம் வந்துச்சு. கொஞ்சந்தான். அவன் தொடைக்கக்கூட இல்லை. நான் வந்துட்டேன்.

அப்பறம் என்ற சம்சாரம் ருக்மணி போய்ப் பாத்துட்டு வந்து, தையல் போட்டிருக்குதுன்னா. என்கிட்டப் பேசாமலே சோறு போட்டா. அவளும் அந்தக் கட்சிதானுங்க. சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனா முதல் வேலையா என்ற கையைப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாக்கறா. போலீஸ்காரன் சோதனை போடற மாதிரி. ஒரு நாள் சைலென்சர்ல பட்டுப் பொறங்கை வெந்திருந்துச்சு. அவ சொல்லித்தான் எனக்கே தெரியும். வேலையில முழுகிட்டா அப்படித்தான். அவளுக்கு அது புரியாது. "உங்க தம்பி சொன்னதைக் கேட்டா என்ன கொறைஞ்சா போயிருவீங்க?"ங்கறா. கொறைஞ்சு போறது யாருன்னு அவளுக்குத் தெரியாதுங்க.

டீச்சரம்மாவா? அது இப்ப வேலைக்கு இங்க வர்றதில்லை. ஏதாவது சத்தம் கேட்டா மட்டும் வாசல்ல நிறுத்தி, "ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்ணா"ங்கும். நான் கேட்டுச் சொல்லுவேன். இது பேரிங்கு, இது லிங்க் ராடுன்னு. சொல்றதுக்கென்ன. கேட்டுக்கிட்டு அவன்கிட்டப் போயிரும். போகட்டும்.

ஒறம்பரைங்க, சொந்தபந்தமெல்லாம் பேச்சு நடத்த வந்தாங்க. பொதுவா ஒரு எடத்துல ரெண்டு பேரையும் உக்கார வெச்சாங்க. நான் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டேன். அண்ணன் வெச்ச முறுக்கு சரியாத்தான் இருந்துச்சு, நான்தான் சும்மா கை வெச்சேன்னு எல்லார் முன்னாடியும் அவன் சொல்லோணும். அவ்வளவுதான். அதுக்கு அவன் என்ன சொன்னான்னு நெனைக்கறீங்க? சரின்னுட்டான். உடனே! ஒரு ரோசம் வேண்டாமா மனுசனுக்கு? "அண்ணன் வேலையில தப்பே இல்லை, தப்பு என்ற மேலதான்னு கோயில்ல கூடச் சொல்றேன். எத்தனை பேர் முன்னாடி வேணும்னாலும் சொல்றேன். இனிமே கடைசி முறுக்கு நான் வெக்கறேன், அதுக்கு மட்டும் அண்ணன் சரின்னு சொல்லட்டும்"னான்.

பாத்தீங்களா சூழ்ச்சியை? சுத்திச் சுத்தி அங்கயே வந்து நிக்கறான். நான் துண்டை உதறிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். மறுநாள் தகரத்தை இன்னும் ஒரு ஆள் உசரத்துக்குத் தூக்கிக் கட்டுனேன்.

அப்படியும் அடங்கலை அவன். இப்ப என்ன பண்றான் தெரியுங்களா? இங்க ஜாக்கு எறங்குற சத்தம் கேட்டாப் போதும், வேலையை விட்டுட்டு வாசல்ல வந்து நின்னுக்கறான். டீ குடிக்கற மாதிரி. கையில டீயும் இருக்காது. இங்க இருந்து போற வண்டிக்காரங்க முக்காவாசிப் பேரு அங்க ஒரு நிமிஷம் நிக்கறாங்க. என்ன சொல்லி மயக்கறானோ.

ஆங். இறக்கிட்டேன். அந்த ஜாக்கை அக்கட்டால தள்ளி விடுங்க. சாவி வண்டியிலயே இருக்குது. எடுத்துட்டுப் போங்க.

என்ன? முறுக்கியாச்சா?

ஏனுங்க, இத்தனை நேரம் நான் செவுத்துக்கா கதை சொன்னேன்? இப்பத்தானே முறுக்குனேன். இப்பத்தான், உங்க கண்ணு முன்னாடி. டார்ச்சைப் பிடிச்சுட்டு நின்னது நீங்கதானே? பாக்கலையா? என்ற மூஞ்சியையே பாத்துட்டு நின்னா போல்ட்டு எப்படித் தெரியும்? இறக்கறதுக்கு முன்னாடியா? இல்லீங்க, பின்னாடிதான். எனக்குத் தெரியாதா எப்ப முறுக்கோணும்னு?

நீங்களே ஸ்பேனர் வெச்சுப் பாக்கறீங்களா? வேண்டாம். குடுங்க அதை. குடுங்கன்னேன். என்ற கடையில என்ற வேலையைச் சோதிக்கறவங்களுக்கு நான் வேலை செய்யறதில்லை. ஒரு மனுசன் வாயால சொல்றான், நம்போணும். நம்பறதுன்னா அதுதானுங்க.

கெளம்புங்க. ரிவர்ஸ்ல பாத்து வாங்க, பைக்குக்காரன் வர்றான். ஸ்டீரிங்கை ஒடிங்க, இன்னும் ஒடிங்க. போதும். கேளுங்க, சத்தம் வருதா? ஒரு துளி வருதா? நான் காதால கேட்டுட்டுத்தான் சொல்றேன். இதுதான் வேலை.

நேராப் போங்க. அவன் நிக்கறான் பாருங்க வாசல்ல, கையில ஸ்பேனரோட. அவன் மூஞ்சியைப் பாக்காதீங்க. சைகை காட்டுவான். காட்டட்டும். நீங்க ரோட்டைப் பாத்து நேராப் போங்க, அன்னூர் ரோடு, நான் சொன்ன கடை.

ஏனுங்க.

ஏனுங்க! உங்களைத்தான்! பிரேக் லைட்டு எதுக்கு எரியுது?